தேதிச் சீட்டு

காலை ஒன்பதரைக்குக் கரும்பலகையில் எழுதுவேன்:
பத்தாண்டு எவரும் எடுக்காத நூலைக் கழிக்கலாம்.
அடியில் இரண்டு கோடு. பரீட்சைக்கு வரும்.
நாற்பது பேனாக்கள் நம்பி எழுதிக்கொள்ளும்.
கடைசி பெஞ்சு மெஹருன்னிசா மட்டும் கேட்டாள்:
கழிக்கலாம் என்றால் கழிக்காமலும் விடலாமா, மேடம்?
அது பரீட்சைக்கு வராது என்றேன்.

மாலை நாலே காலுக்குக் கழிப்புப் பட்டியலோடு
அடுக்குகளுக்குள் நுழைவேன்.
பின்னட்டைத் தேதிச் சீட்டில்
2010-ஓடு நின்றுபோன ஊதா முத்திரை.
என் கணக்கில் எடுப்பேன். இன்றைய தேதி விழும்.
இன்னும் பத்தாண்டு மூச்சு.

மோசடிதான்.
எடுத்துப் படிக்காமல் திருப்புவது அதைவிட மோசடி என்று
பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் பஸ்ஸில்
முதல் நாள் பிரித்தது: வண்டுகளின் வாய் உறுப்புகள்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து புள்ளி ஏழு ஆறு.
இரண்டு பக்கம் தாண்டாது என நினைத்தேன்.
கோபாலபுரம் செக்போஸ்ட் வந்தது, போனது.
இறங்க வேண்டிய நிறுத்தமும் போனது.
நல்லேப்பிள்ளியில் இறங்கி
ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் அழுதேன்,
வண்டுக்குத் தாடை பக்கவாட்டில் திறக்கும் என்று
ஓட்டுகிறவரிடம் சொல்லிக்கொண்டே.

அப்படித்தான் வந்தது எனக்கு இத்தனையும்:
ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோல் எத்தனை நாள் ஊறும்,
உறங்கும் தேனீயின் உணர்கொம்பு எப்படித் துவளும்,
மாலுமிகள் எந்த முடிச்சை நம்புவதில்லை.
பரந்த வாசிப்பு என்று பணிப்பதிவேட்டில் எழுதினார் முதல்வர்.
பரப்பியது நானில்லை.
யாருக்கும் வேண்டாதவை அவ்வளவு பரந்து கிடந்தன.

வீட்டில் அருளப்பன் கள்ளுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவர்.
சோற்றைப் பிசைந்தபடி கேட்பார்: இன்று தொட்டுக்க என்ன?
பாய்மரம் என்பேன். அல்லது நிலநடுக்கம்.
ஒருநாள் மடக்கினார்: கள்ளை எந்த எண்ணில் வைப்பாய்?
பாளையில் இருக்கும்வரை தாவரவியல்,
கலயத்தில் வேதியியல்,
விடியுமுன் வேனில் ஏறித் தெற்கே போகையில் கலால்.
குடித்த பிறகு?
'பிற' என்றேன். சிரித்துப் புரையேறியது அவருக்கு.
'பிற' என்று ஒதுக்குகிறவருக்கு வகுக்கத் தெரியவில்லை
என்று வகுப்பில் சொல்கிறவள்தான் நான்.

செக்போஸ்டில் சுனிலன் பையை எட்டிப் பார்ப்பார்.
எந்தா டீச்சரே, இன்னு எந்தா கடத்துன்னது?
இன்று கடல்.
கடல் ஞங்ஙளுடெ பக்கமல்லே, போய்க்கோ என்றார்.

ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஓத அட்டவணை.
கடல் பார்க்கத் தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில்
மொட்டைமாடியில், பனைகளைத் தாண்டி வரும் காற்றில்
பக்கத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு படித்தேன்.
நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்த வேண்டிய ஏற்றம்
பதினேழாம் தேதி மட்டும் முந்தி வந்திருந்தது.
அச்சுப் பிழை.
அதன்மேல் பென்சிலில் ஒரு திருத்தம்.

மறுநாள் பழைய லெட்ஜரைத் தூசி தட்டினேன்.
வண்டு, தோல், முடிச்சு, ஓதம்,
பட்டியலில் இருந்த பதினொன்றும்
அந்த வருஷம் வெள்ளிக்கு ஒன்றாக
ஒரே கணக்கில் போய் வந்திருக்கின்றன.
எண் 212. வே. குழந்தைசாமி, இரவுக் காவலர்.

ஏன் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.
பென்ஷன் கோப்பில் இருந்த முகவரியில் இப்போது ஒரு டயர் கடை.
தெரிந்தது இவ்வளவுதான்:
எல்லோரும் தூங்கிய ஒரு ராத்திரி
நேரத்துக்கு முந்தி வந்த ஓர் அலையை
டார்ச் அடித்து நிறுத்தியிருக்கிறார்.

காகிதம் எடுத்து நானும் கணக்கைப் போட்டேன்.
மூன்று நிமிடம் இடித்தது.
மறுபடி போட்டேன்.
என் கழித்தலில்தான் பிழை.